விஎல்சி கூம்பு: ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

விஎல்சி வீடியோ பிளேயரின் லோகோவான ஆரஞ்சு கூம்பை மாற்ற வேண்டுமா என்று நம் குரூப்பில் நேற்று ராத்திரி தொடங்கிய வாக்குவாதம் பன்னிரண்டு மணி தாண்டியும் ஓயவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பாவம். அதனால் மீதியை ஞாயிறு காலை 7 மணிக்குக் கோட்டை மைதானத்தில் வைத்துக்கொள்வோம். ஒன்பதுக்கு மேல் வேலூர் வெயில் யாரையும் பேச விடாது.

வருவதற்கு முன் ஒரு விஷயம். விஎல்சி 1996-ல் எகோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற பிரெஞ்சு பொறியியல் கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியது. அவர்கள் சாலையில் வைக்கும் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதுவே லோகோ ஆகிவிட்டது. வீடியோவுக்கும் கூம்புக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். சரிதான். ஆனால் காட்பாடி ரோட்டில் பள்ளம் தோண்டிய இடத்தில் கூம்பைப் பார்த்து என் பையன், "அப்பா, படம் பாக்குற ஆப்!" என்றான். ஒரு லோகோ இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? சுண்டுவிரல் நகத்தளவு சுருக்கினாலும் பளிச்சென்று தெரிகிறது.

கை வைக்கவே கூடாது என்பவர்களும் கொஞ்சம் இறங்கி வாருங்கள். 2006-லேயே கூம்பைத் தெளிவாகத் திரும்ப வரைந்துவிட்டார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குல்லா வேறு போட்டுக்கொள்ளும். மெருகேற்றலாம், தூக்கிப் போடக் கூடாது என்பது என் கட்சி. நான் குரூப் அட்மின் என்பதற்காக யாரும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

புது லோகோ வரைந்து வருகிறவர்கள் 16 பிக்சல் என்ற குட்டி அளவிலும் ஒன்று கொண்டு வாருங்கள். அப்புறம், டீ செலவு வழக்கம்போல ஆளுக்குப் பங்கு.