ஸ்டேக்கிங் சேவை நடத்துபவர்களுக்கு: கமிஷனை மட்டும் சொல்லாதீர்கள், முழுக் கணக்கையும் காட்டுங்கள்

ஸ்டேக்கிங் சேவையை, அதாவது கிரிப்டோ நாணயத்தைப் பிணையாகப் பூட்டிவைத்து நெட்வொர்க்கை நடத்த உதவி, அதற்கு ரிவார்டு வாங்கித் தரும் சேவையைத் தொழிலாக நடத்தும் எல்லோருக்கும் வணக்கம். பெரிய எக்ஸ்சேஞ்சுகள், பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலிடேட்டரை ஓட்டித் தரும் நிறுவனங்கள், நாணயத்தைத் தங்கள் வேலிடேட்டரிடம் ஒப்படைக்கச் சொல்லி (டெலிகேஷன்) கேட்டு நிற்கிற சின்ன அணிகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சில வருஷங்களாக உங்களுக்குக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். நீங்கள் கட்டணம் வாங்குவது தப்பு என்று சொல்ல வரவில்லை. நடுராத்திரியில் நோடு (வேலிடேட்டர் ஓடும் கணினி) விழுந்தால் எழுந்து பார்ப்பது நீங்கள்தான், நெட்வொர்க்கின் விதிகளை மாற்றும் ஒவ்வொரு ஹார்ட் ஃபோர்க்குக்கு முன்னாலும் சாஃப்ட்வேரை மாற்றிச் சோதித்துப் பார்ப்பதும் நீங்கள்தான், அந்த வேலைக்குக் கூலி வேண்டும். ஆனால் அந்தக் கூலி எவ்வளவு என்று கொடுக்கிற எனக்கே சரியாகத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஈத்தரியம் நெட்வொர்க்கின் நாணயமான ஈத்தரில் 32 போட்டு, ஒரு நிறுவனத்தின் வழியாக ஒரு வேலிடேட்டர் எடுத்தோம். ரிவார்டில் 8% கமிஷன் என்று பேச்சு. மாதாமாதம் அறிக்கை வந்தது, கூட்டிப் பார்த்தால் கணக்கும் சரியாக இருந்தது. ஒருநாள் எங்கள் வேலிடேட்டர் ஒரு பிளாக்கை (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பை) முன்மொழிந்திருப்பதை, நெட்வொர்க்கில் நடப்பதைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பார்த்தேன். அந்த முறை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும் என்பதால் ஆசையாகத் திறந்து பார்த்தேன். பரிவர்த்தனை செய்தவர்கள் கொடுத்த டிப்பும் எம்.ஈ.வி. தொகையும் (பிளாக்கில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துவதால் கிடைக்கும் கூடுதல் லாபம்) எங்களுக்குத் தெரியாத ஒரு முகவரிக்குப் போயிருந்தன. அந்த மாத அறிக்கையில் அந்தத் தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, ஒப்பந்தப்படி ரிவார்டு என்றால் கன்சென்சஸ் ரிவார்டு (சரிபார்ப்பு வேலைக்கு நெட்வொர்க்கே தரும் தொகை) மட்டும்தான் என்று பதில் வந்தது. எடுத்துப் படித்தேன். ஆமாம், கடைசிப் பக்கங்களில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் மெர்ஜ் (ஈத்தரியம் மைனிங்கை விட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறியது) நடந்ததிலிருந்து ஈத்தரியத்தில் வேலிடேட்டர் வருமானம் இரண்டு வழியாக வருகிறது. கன்சென்சஸ் ரிவார்டு, வித்டிராயல் முகவரி என்று பதிவான இடத்துக்குத் தானாகவே வந்து விழும். அது நம் முகவரியாக இருந்தால் சேவை நிறுவனம் அதைத் தொட முடியாது. டிப்பும் எம்.ஈ.வி.யும் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் நோடு ஓட்டுபவர் தன் சாஃப்ட்வேரில் ஒரு முகவரியாக எழுதிவைக்கிறார். அந்த ஒரு வரியில் யார் முகவரி இருக்கிறது என்பதில்தான் உண்மையான விலை இருக்கிறது. எங்களுக்கு ஒரு பாதைக்கு 8%, இன்னொரு பாதைக்கு 100%. இதை 8% சேவை என்று விளம்பரம் செய்யலாமா?

வெளிப்படையாகச் சொல்லப்படும் விலைகளும் குழப்பத்தான் செய்கின்றன. பலருடைய ஈத்தரைச் சேர்த்து ஸ்டேக் செய்யும் லிடோ, ரிவார்டில் 10% எடுக்கிறது. காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் சாதாரண வாடிக்கையாளருக்கு ஈத்தரில் 35% என்று போட்டிருக்கிறது. 32 ஈத்தருக்கு வருஷம் 3% வருமானம் என்று வைத்துக்கொண்டால் 0.96 ஈத்தர் வரும். முதல் இடத்தில் அதில் 0.096 போகும், இரண்டாவது இடத்தில் 0.336 போகும். ஆனால் முகப்பில் கட்டணம் போக 2.7%, 1.95% என்று பார்க்கிறவருக்கு ஏதோ முக்கால் சதவீதம் வித்தியாசம், அவ்வளவுதானே என்று தோன்றும். தன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது என்பது அவர் கண்ணிலேயே படாது. இன்னொன்று, லிடோவின் அந்த 10% தொடக்கத்திலிருந்தே பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. நோடு நடத்திய தொழில்முறை நிறுவனங்கள் 5% பங்குக்கு இதே வேலையைத்தான் செய்தன. அதற்கு மேல் வாங்குகிறவர்கள் எதற்காக வாங்குகிறார்கள் என்று சொல்லட்டும். செயலி எளிது, கீ (பணத்தைத் திறக்கும் ரகசியச் சாவி) தொலைந்துவிடும் பயம் இல்லை என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு, நான் மறுக்கவில்லை. அதைத் தனியாக எழுதிக் காட்டுங்கள்.

2025 மே மாதம் பெக்ட்ரா என்ற ஈத்தரிய மேம்படுத்தல் வந்த பிறகு ஒரே வேலிடேட்டரில் 2048 ஈத்தர் வரை வைக்கலாம். முன்பு 64 வேலிடேட்டர் ஓட்டிய இடத்தில் இப்போது ஒன்று போதும். உங்கள் செலவு குறைந்திருக்கிறதா, குறைந்திருந்தால் எங்கள் கட்டணம் ஏன் அப்படியே நிற்கிறது? பெரிய ஃபண்டுகளுக்குப் பேரம் பேசித் தருகிற விலையைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை.

அப்புறம் இந்த 0% கமிஷன். சொலானா என்ற இன்னொரு செயினில், பிளாக்குகளுக்கு வோட் போடும் கட்டணமாக மட்டுமே ஒரு வேலிடேட்டருக்கு நாளுக்கு அதன் நாணயத்தில் 1 சோல் வரை போயிருக்கிறது, சர்வர் செலவு தனி. அப்படியிருக்க இலவசமாக எப்படி ஓட்டுகிறீர்கள்? 2025 பிப்ரவரி முதல், பரிவர்த்தனையை முன்னால் சேர்க்கத் தரும் பிரையாரிட்டி கட்டணம் முழுவதும் வேலிடேட்டருக்கே போகிறது, அதை டெலிகேட் செய்தவர்களோடு பங்கிடுவதும் பங்கிடாததும் உங்கள் விருப்பம். அதோடு, 0% காட்டி ஆள் சேர்த்துவிட்டு ரிவார்டு கணக்கிடும் சுற்றான ஈபாக் முடிகிற நேரத்தில் கமிஷனை 100% ஆக்கி, ரிவார்டை எடுத்துக்கொண்டு, மறுபடி இறக்கியவர்களையும் அந்த செயின் பார்த்திருக்கிறது. காஸ்மாஸ் என்ற செயினில் உச்சக் கமிஷனையும் ஒரு நாளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் வேலிடேட்டர் தொடங்கும்போதே அறிவிக்க வேண்டும், பிறகு அந்த வரம்புகளை மாற்ற முடியாது. இது நல்ல வழக்கம். ஆனால் அங்கேயும் விலை ஏறிவிட்டதே என்று கிளம்பினால் 21 நாள் ரிவார்டு இல்லாமல் காத்திருக்க வேண்டும். சேரும்போது ஒரு விலையும் சேர்ந்த பிறகு ஒரு விலையும் இருக்கக்கூடாது, ஏற்றுவதாக இருந்தால் அந்த 21 நாளுக்கு முன்பே சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் வலிக்கிற இடம் ஸ்லாஷிங், அதாவது வேலிடேட்டர் தப்புச் செய்தால் நெட்வொர்க் முதலிலிருந்து பிடிக்கும் அபராதம். காஸ்மாஸ் ஹப்பில் ஒரு வேலிடேட்டர் ஒரே இடத்துக்கு இரண்டு வேறு பிளாக்குகளில் இரட்டைக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அவரிடம் டெலிகேட் செய்த ஒவ்வொருவரின் முதலிலும் 5% போய்விடும். தப்பு நடந்தது உங்கள் சர்வரில், போவது எங்கள் முதல். நீங்கள் வாங்குவதோ லாபத்தில் பங்கு. 2021 பிப்ரவரியில் ஈத்தரியத்தில் ஒரே நிறுவனத்தின் 75 வேலிடேட்டர்கள் ஸ்லாஷ் ஆனபோது, அந்த நிறுவனம் வாடிக்கையாளர்களின் நஷ்டத்தை ஈடுகட்டியது. அப்படிச் செய்வோம் என்று எழுதிக் கொடுக்கிறவரிடம் 3% கூடுதல் கமிஷன் கொடுக்கவும் எனக்குச் சம்மதம்.

எங்கள் வேலிடேட்டரை வெளியேறும் வரிசையில் போட்டுவிட்டோம். அந்த 32 ஈத்தருக்குப் புது இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். செயின் கொடுத்தது எவ்வளவு, டிப்பும் எம்.ஈ.வி.யும் எவ்வளவு, எந்த முகவரிக்குப் போகிறது, உங்கள் பங்கு எவ்வளவு, ஸ்லாஷ் ஆனால் யார் கொடுப்பது? ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இவற்றை எழுதித் தருகிற நிறுவனம் சொல்லட்டும், அடுத்த வாரமே கொண்டுவந்து வைக்கிறோம்.