பொதுக்கிணறு தூர்வாரல்: ஞாயிறு காலை 6.30

அனைவருக்கும் வணக்கம். நம்ம தெருக் கிணறும் கல்தொட்டியும் திருவிதாங்கூர் காலத்தவை. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். மழைக்கு முன் தூர்வார வேண்டும்.

1. வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டி, இரும்புச்சட்டியோடு வரவும். பாசி தேய்க்கத் தேங்காய்நார் போதும். கம்பிப் பிரஷ் வேண்டாம், கல் கீறிவிடும்.

2. எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் இடுப்பில் கயிறு கட்டாயம். டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும்.

3. தொட்டி விரிசலுக்குச் சிமெண்ட் பூச வேண்டாம். போன தடவை பூசியது பொருக்காகப் பெயர்ந்து கிடப்பதைப் போய்ப் பாருங்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்கும் உப்பு கல்லின் முகத்தைப் பொடியாக்கும். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைக்கணும். பூசியதும் ஈரச்சாக்கு போட்டு மூடணும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும்.

4. தண்ணீர் மறுபடி ஊறியபின் பிளீச்சிங் பவுடர், 1000 லிட்டருக்கு 2.5 கிராம். நம் கிணறு 3 மீட்டர் அகலம். 4 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 28,000 லிட்டர், அதாவது 70 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றணும். அன்றிரவு யாரும் இறைக்க வேண்டாம்.

வெள்ளிக்குள் 'வர்றேன்' என்று பதில் போடுங்கள். கடுக்காய் வைத்திருப்பவர்களும் சொல்லவும், அரைக் கிலோ தேவை.