பெரியம்மா கையில் பஞ்சைக் கொடுத்த சிஸ்டருக்கு

அம்மாவின் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். குணமாகாத நோயில் படுத்திருந்த அம்மா வீட்டிலேயே கண்ணை மூடினார். நடந்ததையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

முதலில், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கிற நோய் ஆதரவுச் சிகிச்சைக்காக வீட்டுக்கு வந்த சிஸ்டருக்கு.

அம்மா சாப்பாட்டை நிறுத்தியதும் வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. மூக்கில் டியூப் போடலாமே, ஒரு பாட்டில் குளுகோஸாவது ஏத்தலாமே, பெத்தவளைப் பட்டினி போடலாமா. இதெல்லாம் வேண்டாம் என்று அம்மாவே நல்ல நினைவோடு இருந்தபோது டாக்டரிடம் சொல்லியிருந்தார். எனக்கும் தம்பிக்கும் அது தெரியும். ஆனால் பெற்ற மகள் வாயால் "இனி சோறு வேண்டாம்" என்று பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் எங்களைத் தனியே கூப்பிட்டு விளக்கிவிட்டுப் போயிருக்கலாம் சிஸ்டர். அப்படிச் செய்யாமல், அம்மா காதில் விழாதபடி வெளித் திண்ணையில் எல்லோரையும் கூட்டி, பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். "சாப்பிடாததால இவங்க போகலை பாட்டி. போற நேரம் வந்ததால உடம்பு சாப்பாடு கேக்கலை. இப்ப ஊட்டினா நுரையீரலுக்குள்ள போயிரும். குளுகோஸ் ஏத்தினா வீக்கமும் சளியும்தான் கூடும். இது பிள்ளைங்க எடுத்த முடிவு இல்லை, உங்க தங்கச்சியே சொன்னது."

பெரியம்மா லேசில் விடுகிற ஆளா? "அப்ப கடைசிப் பால்கூட ஊத்தக் கூடாதா?" என்றார். கூடாது என்றுதான் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றிக் காட்டினீர்கள். "வாய் காயாம பாத்துக்கறது இனி உங்க வேலை" என்று பஞ்சை அவர் கையிலேயே கொடுத்தீர்கள். அதற்கப்புறம் பெரியம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. பட்டினி என்ற பேச்சும் எழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அந்த விளக்கத்தை அவரே சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ தானே நர்சிங் படித்த மாதிரி!

அம்மாவிடம் எதையும் மறைக்காத டாக்டருக்கும், மார்ஃபின் என்ற வலி மருந்தின் பேரைக் கேட்டதும் பயந்த எங்களுக்கு அளவையும் மலச்சிக்கல் மருந்தையும் எழுதியே கொடுத்த மருந்தாளருக்கும், ராத்திரியில் ஆக்சிஜன் தூக்கி வந்த தெருப் பையன்களுக்கும், சமைத்து அனுப்பிய எதிர்வீட்டுக்காரர்களுக்கும் நன்றி.

யோசித்தால், அம்மா வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் டியூப் போட்டிருப்போம். ஊர் வாய்க்குப் பயந்தே போட்டிருப்போம். கடைசிக் காலத்தில் உயிரை இழுத்துப் பிடிக்கிற சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நானும் என் கணவரும் எழுதப்போகிறோம். பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்தும் காட்டுவோம். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்பார்கள், சரி, சொல்லட்டும்.

சிஸ்டர், அம்மாவின் காற்று மெத்தையைத் துடைத்து, மோட்டாரோடு எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வண்டி எந்த வீட்டுக்குப் போகிறதோ, அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டால் சொல்லுங்கள். தம்பி கொண்டுவந்து கொடுப்பான்.