டி.சி. மட்டும் வாங்கிவிடாதே

கோத்தகிரி
2025 மே

அன்புத் தோழிக்கு,

போனில் நீ பேசியதில் பாதி காற்றோடு போய்விட்டது. "ஆன்லைன் ஸ்கூலு", "பணம் கட்டணும்", "இந்த மாசத்துக்குள்ள" என்று துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. சேரம்பாடியில் டவர் இருந்தும் இல்லாத கதை தெரிந்ததுதானே. அப்புறம் உன் மகளே திருப்பூரிலிருந்து கூப்பிட்டு முழுக்கதையும் சொன்னாள். பனியன் கம்பெனியில் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் அவள் பேசியதுகூடத் தெளிவாகக் கேட்டது, பார். இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்ச் சேதி. நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, காமராஜர் சதுக்கத்தைத் தாண்டவே முடியவில்லை. போன வருஷம் கோர்ட் உத்தரவு வந்ததிலிருந்து வெளியூரிலிருந்து மலையேறும் வண்டிக்கெல்லாம் இ-பாஸ் வேண்டுமில்லையா, அதை எடுக்காமல் வந்து மாட்டிக்கொண்டு யாராவது என் கடைக்குப் போன் போட்டபடியே இருக்கிறார்கள். இ-சேவை மையம் என்று போர்டு வைத்தாலும் வைத்தேன், ஊரில் உள்ள அத்தனை படிவமும் என் தலையில். இவருக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. சர்க்கரைதான் சொன்ன பேச்சுக் கேட்கிறதில்லை. அவர் கேட்டால்தானே அது கேட்கும். தேயிலை விலையைப் பற்றி நீ கேட்காதே, நானும் சொல்லவில்லை.

இனி உன் பேத்தி விஷயம். ஒன்பதாவது முடித்துவிட்டாள், இனி ஸ்கூலுக்குப் போகமாட்டேன், வீட்டிலிருந்தே போனில் படிக்கிறேன் என்கிறாள். ஒரு கம்பெனிக்காரன் தினமும் கூப்பிட்டு, "அரசு அங்கீகாரம் பெற்ற இணையப் பள்ளி, இடம் தீர்ந்துபோகும்" என்று அவசரப்படுத்துகிறான். உன் மகளுக்குத் தூரத்திலிருந்து கைபிசைவதைத் தவிர வேறு வழியில்லை. நீ காலையில் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனால் சாயங்காலம்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புகிறாய்.

அந்தக் கம்பெனிக்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "பத்தாவது மார்க் ஷீட்டில் எந்த போர்டு பெயர் இருக்கும்?" கொஞ்சம் சுற்றி வளைப்பான். கடைசியில் பெரும்பாலும் என்.ஐ.ஓ.எஸ். என்று வருவான். தேசிய திறந்தநிலைப் பள்ளி. அது மத்திய அரசு நிறுவனம், 1989-இல் தொடங்கியது. அதில் சேர யாருடைய சிபாரிசும் வேண்டாம். நம் கடையிலேயே விண்ணப்பிக்கலாம். அரசுக்குக் கட்டுவது போக இவன் கேட்பதெல்லாம் இவன் எடுக்கும் வீடியோ பாடத்துக்கு. சில பேர் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சான்றிதழ் கொடுப்பது அவர்கள் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பணத்தைக் கொடு. இந்த "முதல் இணையப் பள்ளி" என்கிற பேச்சே வேடிக்கை. 2022 ஆகஸ்டில் டெல்லி அரசு, நாட்டிலேயே முதல் இணையப் பள்ளி எங்களுடையதுதான் என்று அறிவித்தது. உடனே என்.ஐ.ஓ.எஸ். காரர்கள், நாங்கள் போன வருஷமே ஆரம்பித்துவிட்டோமே என்றார்கள். பெரிய இடத்திலேயே இந்தப் போட்டி.

என்.ஐ.ஓ.எஸ்.ஸை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 14 வயது முடிந்தால் பத்தாவதுக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும், 33 மார்க் எடுத்தால் பாஸ். ஏப்ரல்-மே ஒரு தேர்வு, அக்டோபர்-நவம்பர் ஒரு தேர்வு. ஒருமுறை பதிந்தால் 5 வருஷம் செல்லும், அதற்குள் 9 தடவை எழுதிப் பார்க்கலாம். பாஸான பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி எல்லாம் பாடமாக எடுக்கலாம். கணக்கு கட்டாயமே இல்லை. உன் பேத்தி இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். கணக்கில்லாமல் பத்தாவது முடித்தால் நாளைக்கு பாலிடெக்னிக், கணக்கு குரூப் என்று போகும்போது இடிக்கும், அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்த ஒன்பது வாய்ப்பைப் பற்றி இன்னொன்று. உடம்பு முடியாத பிள்ளைக்கு, விளையாட்டுக்காக ஊர் ஊராகப் போகிற பிள்ளைக்கு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அது வரம். கேட்க ஆளில்லாத வீட்டில் இருக்கிற பிள்ளைக்கோ, ஒன்பது தடவை தள்ளிப்போட வசதி.

என் கடைக்கு வந்தவர்களில் ஒரு லாரி டிரைவர் மகன். விபத்தில் கால் போய், ஸ்கூல் படி ஏற முடியாமல் நின்றவன். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிந்தான். அவன் வீட்டிலும் பகலில் யாரும் கிடையாது. அவன் அத்தை தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து என் கடையில் விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து கூட்டிப் போவாள். போகும்போது, "இன்னைக்கு என்னடா எழுதின, காட்டு" என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டைப் புரட்டிப் பார்ப்பாள், பக்கம் கூடியிருக்கிறதா என்று. அவ்வளவுதான். பாஸாகிவிட்டான், இப்போது பிளஸ் டூ பாடம் படிக்கிறான்.

இன்னொரு பெண், மேல் எஸ்டேட். அவனைவிடக் கெட்டிக்காரி. நல்ல போன், நல்ல நெட்வொர்க், கம்பெனிக்குக் கட்டிய பணம், எல்லாம் இருந்தது. முதல் மாதம் ஒழுங்காகப் படித்தாள். பிறகு அண்ணிக்குப் பிள்ளை பிறந்தது. "நீ வீட்ல சும்மாதானே இருக்க, கொஞ்சம் பார்த்துக்க" என்றார்கள். ரேஷன் கடை வரிசைக்கு அவள். தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குடம் பிடிக்க அவள். தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள். பாடத்தை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாள், ராத்திரியில் போன் வேறு எதற்கோ ஆனது. அசைன்மென்ட் ஒன்றுகூட அனுப்பவில்லை. அதற்கு 20 சதவீத மதிப்பு இருக்கிறது என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. இப்போது அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

அந்த வீட்டில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. யூனிஃபார்ம் போட்டுப் பையை மாட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிற பிள்ளையை யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், மாப்பிள்ளை பார்க்கவும் கூசுவார்கள். அதே பிள்ளை வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அவள் பாடமே படித்தாலும், பார்க்கிறவர் கண்ணுக்குச் சும்மா இருக்கிற பிள்ளைதான். கட்டாயக் கல்விச் சட்டமும் 6 வயதிலிருந்து 14 வரைக்கும்தான். ஸ்கூல் என்றால் பாடம் மட்டும் என்று நினைக்கிறோம். மணி அடிக்கிறது, டீச்சர் பேர் கூப்பிடுகிறாள், மத்தியானம் முட்டையோடு சோறு போடுகிறார்கள், இரண்டு நாள் வரவில்லையென்றால் பக்கத்து லயத்துப் பிள்ளையிடம் "ஏன் வரலை" என்று கேட்டு அனுப்புகிறார்கள். இத்தனையும் ஆன்லைன் என்றதும் வீட்டின் தலையில் வந்து விழும். உன் வீட்டில் அதைத் தூக்க யார் இருக்கிறார்கள், சொல்லு? நீ எஸ்டேட்டில் போய்ப் பேர் போட்டால்தான் அன்றைக்குக் கூலி. உன்னைக் குறை சொல்லவில்லையடி, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது, இது உன் மகளுக்கே தெரியவில்லை. உன் பேத்தி ஒன்றாவதிலிருந்து அரசுப் பள்ளி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை காலேஜ் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2022-லிருந்து கொடுக்கிறார்கள். அதேபோல் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத்தான் காலேஜ் சீட்டில் அந்த 7.5 சதவீத ஒதுக்கீடும். டாக்டர் படிப்புக்கு 2020-இல் வந்தது. அடுத்த வருஷம் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் என்று எல்லாவற்றுக்கும் வந்தது. ஒன்பதாவதோடு டி.சி. வாங்கினால் நடுவில் அறுந்துபோகும். லயத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சொத்து நாம் எதைச் சேர்த்து வைத்திருக்கிறோம்? நம் அப்பா அம்மா இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது கையில் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் சாஸ்திரி ஒப்பந்தத்துக் காகிதமும்தானே.

ஆனால் "போகத்தான் வேண்டும்" என்று அவளை அடித்துத் துரத்தாதே. ஏன் போகமாட்டேன் என்கிறாள் என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லை. உன் மகள் பஸ் பிரச்சினை என்கிறாள். யானை நின்றால் பஸ் நிற்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். அதே பஸ்ஸில்தானே எட்டாவதுவரை சிரித்துக்கொண்டு போனாள். எனக்குக் கணக்குமேல்தான் சந்தேகம். நீயே எண்ணிப் பார். 2020 மார்ச்சில் ஸ்கூல் மூடினார்கள், அப்போது நாலாவது. ஒன்று முதல் எட்டுவரை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஐந்தாவது முழுக்க வீட்டில், ஆறாவதிலும் பாதி போய்விட்டது. அந்த வயதில்தான் பின்னமும் தசமமும் பெரிய வகுத்தலும் படிய வேண்டும். கல்வித் தொலைக்காட்சி ஓடியது, உங்கள் லயத்தில் கரண்ட் ஓடவில்லை. ஒரு போனுக்காக எல்லாப் பிள்ளைகளும் தேயிலைக்கு மேல் பாறையில் ஏறி நின்ற கதையை நீதானே எனக்குச் சொன்னாய். ஆளில்லாமல் போனில் படித்தால் என்ன ஆகும் என்று ஒன்றரை வருஷம் பார்த்தாகிவிட்டது. அந்த ஓட்டையை அடைக்காமல் ஒன்பதாவதில் இயற்கணிதம் நடத்தினால் எந்தப் பிள்ளைக்கும் வயிறு கலங்கும். எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்திக் கேட்டால் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. இல்லை, வேறு எதாவது நடந்திருந்தாலும், பஸ்ஸிலோ ஸ்கூலிலோ யாராவது தொந்தரவு செய்திருந்தாலும், அதையும் தனியாக உட்கார வைத்து நீதான் கேட்கவேண்டும். பாட்டியிடம் சொல்வதை அம்மாவிடம் போனில் சொல்லமாட்டாள். அப்படி ஏதாவது என்றால் ஆன்லைனுக்கு ஓடாமல் வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றலாம், விடுதியும் கேட்டுப் பார்க்கலாம். குன்னூரிலோ ஊட்டியிலோ கிடைக்குமா என்று நான் விசாரிக்கிறேன்.

நான் யோசித்தது இது. லீவு முடியும்வரை அவளை என்னிடம் அனுப்பு. போனில் படிப்பேன் என்கிறாளா, படிக்கட்டும், காசு கட்டாமலே பார்த்துவிடலாம். ஒன்பதாவது புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறது, தட்டினால் வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சிப் பாடமெல்லாம் யூடியூபில் கிடக்கிறது. முதல் வாரம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். மேல்வீட்டில் தனியாக விட்டுவிட்டு நான் கடைக்குப் போய்விடுவேன். காலை பத்து மணிக்குத் தானாக உட்காருகிறாளா, சாயங்காலம் நோட்டில் என்ன இருக்கிறது என்று அவளே பார்க்கட்டும். அடுத்த வாரம் கடையில், அந்த டிரைவர் மகனுக்கு எதிர்ப் பெஞ்சில். அவன் கணக்கில் புலி. ஐந்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து பின்னம் ஆரம்பித்துத் தருகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டான். எந்த வாரம் அதிகம் படித்தாள் என்று அவள் வாயாலேயே சொல்லட்டும். நாம் சொல்லி இந்த வயதுப் பிள்ளைகள் எதைக் கேட்டிருக்கிறார்கள்? நீ கேட்டாயா, நான் கேட்டேனா.

தனியாகவே நன்றாகப் படிக்கிறாள் என்று தெரிந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அப்போதும் அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டவேண்டாம், நேராக என்.ஐ.ஓ.எஸ்.ஸுக்குப் போடுவோம், கணக்கையும் சேர்த்து. பகலில் அவள் உட்கார ஒரு இடமும், நோட்டைக் கேட்க ஒரு ஆளும் அங்கே சேரம்பாடியில் பார்த்து வைத்துவிட்டுத்தான். உங்கள் அங்கன்வாடி டீச்சர் நல்ல மாதிரி என்பாயே, அவரிடம் ஒரு மூலை கேட்டுப் பார். தேர்வு மையம் எங்கே போடுவார்கள் என்பதையும் முன்னாலேயே பார்க்கவேண்டும், மலையிறங்கிப் போகவேண்டி வரலாம். எஸ்.எஸ்.எல்.சி.யையே தனித்தேர்வராக எழுதலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு அறிவியல் செய்முறை வகுப்புக்குத் தனியாகப் பதிந்து போய்வர வேண்டும், அந்த அலைச்சலுக்கு ஸ்கூல் பஸ்ஸே மேல்.

உன் மகளிடம் நான் பேசிவிட்டேன், அழுதாள். அவள் அனுப்புகிற பணத்தில்தான் இந்தப் பேச்சே நடக்கிறது, அதை மறந்துவிட்டு அவளை ஏசாதே.

வரும்போது பேத்தியிடம் ஆதார், ஒன்பதாவது மார்க், ஸ்கூலில் கொடுத்த எமிஸ் நம்பர் எல்லாம் கொடுத்து அனுப்பு. ஸ்வெட்டர் மறக்கவேண்டாம், இங்கே கோடை மழை பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் உனக்கும் லீவுதானே, நீயே கூட்டிக்கொண்டு வா. கூடலூர், ஊட்டி மாறி வருவதற்குள் ஒரு பகல் போய்விடும், அதனால் முதல் பஸ்ஸைப் பிடி. ஊட்டியில் இறங்கியதும் கடை நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, இவரை ஸ்டாண்டுக்கு அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஸ்கூலில் போய் டி.சி. மட்டும் வாங்கிவிடாதே.

உன்
பழைய பெஞ்சுக்காரி