மகளுக்கு: அந்த ஏழு பக்கங்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண் தேவலை. சொட்டு மருந்தை மட்டும் நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். உன்னிடம் பேசினானா என்று கேட்டேன். "அவ வேலையா இருப்பாம்மா" என்று பேச்சை மாற்றிவிட்டான். அவனிடம் நீ ஏதோ சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறாய். சரி, நான் துருவவில்லை.

நீ கூப்பிட்டு ஐந்து வாரம் ஆகிறது. அன்றைக்கும் நான்கே நிமிடம். தூங்குகிறாயா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கிற அந்த ஃப்ளோ சைட்டோமீட்டர் முன்னால் உட்காராதே. களைத்த கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். நோட்டை அன்றன்றைக்கே எழுதிவிடு. மறுநாள் எழுதினால் முதல் நாள் நடந்தது வேறாக மாறிப்போகும்.

2025 அக்டோபரில் நோபல் அறிவித்த அன்று நீ கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா, நம்ம செல்லுக்குக் கொடுத்துட்டாங்கம்மா!" என்று கத்தினாய். பரிசு வாங்கிய சகாகுச்சியும் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் உனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது உன் குரல். அப்பா அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம், "என் மகள் உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற அந்த டி-ரெக் செல்லில்தான் வேலை செய்கிறாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். பாதிதான் அது.

அந்த நான்கு நிமிடத்தில் நீ ஒன்று சொன்னாய். மனித மாதிரிகளில் முடிவு சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டு, "கேட்டைக் கொஞ்சம் நகர்த்தினா போதும்மா, வந்துடும்" என்றாய். எந்தச் செல்லை எண்ணுவது என்று திரையில் போடுகிற கோட்டைத்தான் கேட் என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்துகிறது. அது உன் வார்த்தையா, உன் பாஸ் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாயா என்று எனக்குப் பிடிபடவில்லை.

உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. மனித ரத்தத்தில், தூண்டப்பட்ட எந்த டி செல்லும் டி-ரெக்கின் அடையாளமான சிடி25-ஐ ஏந்தி நிற்கும். கொஞ்ச காலத்துக்கு இன்னொரு அடையாளமான ஃபாக்ஸ்பி3-ஐக்கூடக் காட்டும். திரையில் புள்ளிகள் ஒரே மேகமாகக் கிடக்கும்போது, எங்கே கோடு போடுகிறாயோ அதற்கேற்ற எண்தான் வரும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு சாயத்தை மட்டும் விட்டுவிட்டுச் செய்கிற எஃப்எம்ஓ கன்ட்ரோலைப் பார்த்துக் கோடு போடு. நோயாளி எது, மற்றவர் எது என்று தெரிவதற்கு முன்பே போட்டுவிடு. எந்த இடத்தில் போட்டாய் என்று தேதியோடு நோட்டில் எழுது. போட்ட கோட்டை அப்புறம் தொடாதே.

படித்துவிட்டு, அம்மா வாத்தியார் வேலையை ஆரம்பித்துவிட்டாள் என்பாய். சின்ன வயதிலேயே, "நீ என்னைக் கேள்வி கேட்கிறாயா, திருத்துகிறாயா?" என்று கேட்ட பெண் நீ. முதல் பேப்பர் வந்தபோது எனக்கு அனுப்பினாயே, அதில் உன் பெயர் முதலில் இருந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் மெத்தட்ஸ் பகுதியை மூன்று முறை படித்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. சுத்தமாக இருந்தது. அப்படி எழுதியவள் ஐந்து வாரம் வாய் திறக்காமல் இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

பலர் உனக்குக் கேத்தலின் கரிக்கோவைக் காட்டித் தைரியம் சொல்வார்கள். 1995-இல் பதவி இறக்கப்பட்டார், 2005-இல் வைஸ்மனோடு தடுப்பூசிக்கு வழிசெய்த அந்த ஆர்என்ஏ பேப்பரை வெளியிட்டார், 2023-இல் பரிசு வந்தது, அதனால் நீயும் பொறுத்திரு என்பார்கள். அவருடைய கஷ்டம் வேறு. அவருடைய சோதனை நிலைத்து நின்றது, பார்க்கத்தான் ஆளில்லை. சோதனையே நிற்காதபோது என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நானும் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

நீ பிறப்பதற்கு முன், 1981-இல், எதிர்ப்பை அடக்கும் என்று நம்பிய சப்ரஸர் செல்களில் நான் வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஏன் விட்டேன் என்று நீ கேட்கும்போதெல்லாம், "அந்தத் துறையே படுத்துவிட்டது" என்று சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

டி செல் வளர்த்த திரவத்தை செஃபடெக்ஸ் நிரப்பிய குழாயில் ஏற்றி, ஃப்ராக்‌ஷன் ஃப்ராக்‌ஷனாகப் பிரிப்பேன். ஃப்ராக்‌ஷன் 23-ஐச் சேர்த்தால் எதிர்ப்பொருள் சுரக்கும் செல்கள் பாதியாகக் குறைந்தன. எண்ணியது எர்னே முறைப்படி, தட்டில் விழும் ஓட்டைகளை வைத்துத்தான். ஆட்டுச் சிவப்பணுக்கள் அகாரில் மெல்லிய சிவப்புப் படலமாக இருக்கும். எதிர்ப்பொருள் சுரக்கிற ஒவ்வொரு செல்லையும் சுற்றி அணுக்கள் கரைந்து ஊசிமுனை அளவு ஓட்டை விழும். தட்டை விளக்குக்கு மேலே பிடித்து எண்ண வேண்டும். நல்ல ஓட்டை பளிச்சென்று தெரியும். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் இருபது முப்பது, ஓரம் மங்கி, ஓட்டையா காற்றுக் குமிழியா என்று சொல்ல முடியாமல் இருக்கும். எந்தத் தட்டு எது என்று தெரிந்துகொண்டேதான் எண்ணினேன். ஃப்ராக்‌ஷன் சேர்க்காத கன்ட்ரோல் தட்டில் மங்கலானவற்றையும் சேர்த்தேன். ஃப்ராக்‌ஷன் தட்டில் அவற்றைக் குமிழி என்று தள்ளினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கண்ணம்மா. ஆனால் செய்தேன். பேப்பரும் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் ஒரு மாணவி சேர்ந்தாள். தட்டுகளின் மேல் நான் எழுதிய எண்களைக் காகிதம் ஒட்டி மறைத்து, கலைத்து வைத்து எண்ணினாள். வித்தியாசம் வரவில்லை. ஏழு முறை செய்தாள். நோட்டில் ஏழு பக்கம், ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் "இல்லை". ஏழாவது பக்கத்தைக் காட்டியபோது நான் சொன்னது, "உன் கை சரியில்லை."

அதற்கப்புறம் அவளை எலிக்கூண்டு வேலைக்கு மாற்றினேன். ஆறு மாதத்தில் போய்விட்டாள். கடைசி நாளில் நோட்டை என் மேசையில் வைத்து, "மேடம், ஒரு தடவை நீங்களே நம்பரை மறைச்சிட்டு எண்ணிப் பாருங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி எல்லாரும் போனபின் இரண்டு வகைத் தட்டையும் அப்படியே எண்ணி, எட்டாவது பக்கத்தில் எழுதினேன். 118. 121. நோட்டை மூடிப் பச்சைப் பெட்டியில் போட்டேன்.

1983-இல் ஐ-ஜே பேப்பர் வந்தது. சப்ரஸர் செல்லுக்கு அடையாளம் என்று நாங்கள் எல்லாரும் நம்பிய அந்த ஜீனுக்கு, எலியின் 17ஆவது குரோமோசோமில் சொல்லப்பட்ட இடத்தில் இடமே இல்லை என்று காட்டிவிட்டார்கள். துறையே ஆடிப்போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாரும் சேர்ந்து விழும்போது என்னை யார் தனியாகக் கேட்கப்போகிறார்கள்?

இப்போது சொல், அந்த நோபல் நாளில் நான் ஏன் அழுதேன் என்று புரிகிறதா? அடக்குகிற செல் நிஜமாகவே இருந்தது. 1969-இல் நிஷிசுகாவும் சகாகுராவும் பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சுகளின் டி செல்கள் முதிர்கிற தைமஸ் சுரப்பியை எடுத்தபோது சினைப்பை சிதைந்ததைப் பார்த்தார்களே, அந்த நூலைத்தான் சகாகுச்சி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சிடி25 உள்ள செல்களை நீக்கினால் எலிக்கு நோய், திருப்பிச் சேர்த்தால் நோயில்லை என்று 1995-இல் காட்டினார். யார் வேண்டுமானாலும் பிரித்தெடுத்துச் செய்து பார்க்கலாம். ஆனால் அதுவரை பத்து வருஷத்துக்கு மேல், சப்ரஸர் என்று வாயைத் திறந்தாலே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த முகத்திருப்பலுக்கு என் ஃப்ராக்‌ஷன் 23-ம் ஒரு காரணம். அந்தப் பெண் ஏழு பக்கத்தில் சொன்னதை நான் கேட்டிருந்தால் ஒரு பேப்பராவது குறைந்திருக்கும். அவளும் ஆராய்ச்சியில் இருந்திருப்பாள்.

ஐந்து வாரமாக நான் யோசிப்பது இதுதான். நீ இப்போது நான் இருந்த இடத்தில் இருக்கிறாயா, அவள் இருந்த இடத்திலா? "உன் கை சரியில்லை" என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் நம்பாதே. உன் கை எனக்குத் தெரியும். நீதான் கோட்டை நகர்த்தினாய் என்றால் அதையும் என்னிடம் சொல். நான் கோபப்படுவேன், ஆனால் உடன் இருப்பேன்.

பச்சைப் பெட்டியைத் திறந்து அந்த ஏழு பக்கங்களையும் என் எட்டாவது பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். என் பேப்பரை வெளியிட்ட இதழுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து அவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. அவளையும் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. அனுப்புவதற்கு முன் அந்தக் கடிதத்தை நீ படிக்க வேண்டும். எங்கேயாவது என்னையே நான் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அடித்துவிடு. உன்னால்தான் முடியும்.

நோட்டை அன்றன்றைக்கே எழுது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. எந்த நேரமானாலும் கூப்பிடு. அப்பா தூங்கிவிடுவார், போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா