தனிமைப்படுத்திய நாட்களுக்குச் சம்பளம் கேட்டு மனு

அனுப்புநர்:
ஒப்பந்தத் தூய்மைப் பணிப் பெண்கள்,
ரயிலடிக் காலனி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

நாள்: அக்டோபர் 2020

பொருள்: கொரோனா தனிமை நாட்களுக்குப் பிடித்த சம்பளத்தைத் தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக ஜூலையிலும் ஆகஸ்டிலும் மனு எழுதி, அலுவலக வாசலில் வைத்திருந்த பெட்டியில் போட்டோம். பதில் இல்லை. ரயிலடிக் காலனி யார் குடியிருக்கும் இடம் என்பது தாங்கள் அறிந்ததே. பெருக்கவும் அள்ளவும் ஆள் எங்கள் தெருக்களிலிருந்துதான் வருகிறது.

1. மார்ச் 25 முதல் ஊரே அடங்கியிருந்தபோதும் நாங்கள் வேலைக்கு வந்தோம். பஸ் இல்லை, நடந்தே வந்தோம்.

2. சந்தைப்பேட்டையில் தொற்று வந்ததால் தகரம் அடித்து அடைத்த வீடுகளின் குப்பையை எடுத்ததும் நாங்கள்தான். ஜூனில் எங்களில் சிலருக்குத் தொற்று வந்தது. 14 நாள் வெளியே வரக்கூடாது என்றது மாநகராட்சி. சம்பள நாளில் பார்த்தால் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், அத்தனை நாளும் ஆப்சென்ட்! நிரந்தரப் பணியாளர்களுக்கு முழுச் சம்பளம் வந்தது. அதே ஒப்பந்தக்காரரிடம் பேட்டரி வண்டி ஓட்டும் ஆண்களுக்கும் தனிமை நாட்களில் வேலைக்கு வந்ததாகவே மேஸ்திரி டூட்டி போட்டுவிட்டார். எங்களுக்கு மட்டும் ஏன் ஐயா இல்லை?

3. குழுக்கடன் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வசூலுக்கு வருகிறவர் கேட்டாரா? எங்கள் வீட்டில் அடித்த தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்ட வேண்டும். தோடு போனது, பித்தளைக் குடம் போனது. வீட்டு ஆண்களுக்குக் கட்டட வேலையும் நின்றுபோயிருந்தது. ரேஷனில் அரிசியும் 1,000 ரூபாயும் தந்தார்கள், மறுக்கவில்லை. அதற்கப்புறம் எண்ணெய்க்கும் பருப்புக்கும் யாரிடம் கையேந்துவது?

4. ஏப்ரலில் மாலை போட்டார்கள். சில இடங்களில் எங்கள் ஆட்களின் காலைக்கூடக் கழுவினார்கள். சரி, நன்றி. மாலையை அடகுக்கடையில் வாங்க மாட்டார்கள். சம்பளம் கேட்டால் ஒப்பந்தக்காரரைப் பார் என்கிறது அலுவலகம், அலுவலகத்தைப் பார் என்கிறார் அவர்.

5. விடுப்பில் இருக்கும் தொழிலாளியைப் பணியில் இருப்பதாகவே கருதுங்கள், சம்பளம் பிடிக்காதீர்கள் என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மார்ச் 20-லேயே கடிதம் எழுதியது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் நிர்வாகமே தர வேண்டும் என்கிறது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம்.

ஜூன் மாத மஸ்டரைத் தாங்களே வரவழைத்துப் பார்க்க வேண்டும் ஐயா. உழைத்த இடத்தில் வந்த நோய்க்குப் பிடித்த சம்பளத்தை நவம்பர் 14 தீபாவளிக்கு முன் தந்துவிடுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவைப் பெட்டியில் போடவில்லை. தங்கள் கையில் தருகிறோம், ஒப்புகைச் சீட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ரயிலடிக் காலனி தூய்மைப் பணிப் பெண்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)