பாப்பாவுக்குச் சில சந்தேகங்கள்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பி வைத்திருந்த பனிக்கரடிக் கட்டுரைகளை எல்லாம் உட்கார்ந்து படித்து முடித்தேன். இந்த வயசில் என்ன பரீட்சை என்று உன் அம்மா கேலி செய்கிறாள். படித்ததில் சில சந்தேகங்கள் வந்தன. உனக்கு இது வேலை நெருக்கும் நேரம், கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் உன் சர்ச்சில் ஊரில் கரடிகள் எல்லாம் கடல் உறையக் காத்திருக்கும், போன் எடுக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதில் போட்டால் போதும்.

மாப்பிள்ளை வின்னிபெக்கிலிருந்து பேசினார். நன்றாகத்தான் பேசினார். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டேன். "கேட்டால் சாப்பிட்டாச்சு என்கிறாள் மாமா" என்றார். அந்தப் பதிலை உன் பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் கேட்டு வருகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பனிக்கரடியைக் கடல்வாழ் பாலூட்டி என்று எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? 1972இல் அமெரிக்கா கொண்டுவந்த கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கிலம், டால்பின், சீல் இவற்றோடு இதுவும் இருக்கிறது. எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. திமிங்கிலத்துக்குக் காலே கிடையாது. சீலுக்கு இருப்பது துடுப்பு. இதற்கு நாலு காலும் நகமும் கரடிக்கு உள்ளபடி அப்படியே இருக்கின்றன. பழுப்புக் கரடியிலிருந்து இது பிரிந்தே ஐந்து லட்சம் வருஷத்துக்குள்தான் இருக்கும் என்று 2014இல் வந்த மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. அப்புறம் யோசித்தால், அது பிழைப்பதே கடலை நம்பித்தான். கடல் உறைந்ததும் அந்தப் பனியின் மேல் ஏறி, சீல் மூச்சுவிட வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறது. சீல் தலையைத் தூக்கினால் ஒரே அடி. தூக்காவிட்டால் அன்றைக்குப் பட்டினி.

பாதம் 30 சென்டிமீட்டர் அகலம் வரை இருக்குமாம். அடிஸ்கேலை எடுத்து மேஜை மேல் வைத்து, அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று என்று மனசுக்குள் இரண்டு பாதம் வரைந்து பார்த்தேன். மேஜையில் இடம் பற்றவில்லை. அவ்வளவு அகலம் இருந்தால்தான் மெல்லிய பனியில் எடை பரவி, பனி உடையாமல் தாங்கும். தண்ணீரில் இறங்கினால் முன்னங்கால் இரண்டும் துடுப்பு, பின்னங்கால் சுக்கான். பாதத்தின் அடியில் சொரசொரப்பாகச் சின்னச் சின்ன முகிழ்கள், வழுக்காமல் இருக்க. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் ஒரு கரடி, சீலைப் பிடிக்க 3 நிமிஷம் 10 விநாடி மூச்சடக்கித் தண்ணீருக்கு அடியிலேயே போயிருக்கிறது. நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முயற்சி செய்தேன். உன் அம்மா பயந்து கத்தியதால் நிறுத்த வேண்டியதாயிற்று.

பனியில் வழுக்காத பூட்ஸ் வாங்கிவிட்டாயா? மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. இருட்டிய பிறகு தனியாக வெளியே போகாதே. பகலிலும் போகாதே. அங்கே யாராவது துரத்தப்பட்டால் ஓடி ஏறிக்கொள்ளட்டும் என்று கார் கதவைப் பூட்டாமல் விடுவார்களாமே. நல்ல ஊர்தான். அப்படிப்பட்ட ஊருக்கு என் மகளைக் கூப்பிட்டு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஊரில்தான் போய் வேலை பார்க்க வேண்டுமா என்று வீட்டுக்குள் உன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது ரோமம். ஒவ்வொரு முடியும் நிறமில்லாமல், உள்ளே குழல்போல இருக்கிறது, அடியில் தோல் கறுப்பு. முடி வெயிலை உறிஞ்சி உள்ளே கறுப்புத் தோலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று ரொம்ப நாளாக எல்லாரும் எழுதிவந்தார்கள். 1998இல் ஒரு இயற்பியலாளர் அந்த முடியை எடுத்து அளந்தே பார்த்துவிட்டார். ஓர் அங்குலம் போவதற்குள் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அந்தக் கதை இன்னும் சிறுவர் பக்கங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரோமம் கரையில் குளிரைத் தாங்குகிறது, நனைந்தால் அந்தக் காப்பு போய்விடுகிறது. தண்ணீரில் அதைக் காப்பாற்றுவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, சில இடங்களில் 11 சென்டிமீட்டர் கனம் வரை. நீண்ட நேரம் நீந்தும்போது உடம்பின் வெளிப்பக்கத்தைக் குளிரவிட்டு, உள்ளே சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று 2015இல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எல்லாம் கொழுப்பில்தான் வந்து நிற்கிறது பாப்பா. சீல் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் கொழுப்பை மட்டும் தின்றுவிட்டுக் கறியை நரிக்கு விட்டுவிட்டுப் போகிறது. எனக்கு அது ஊதாரித்தனமாகத் தெரிந்தது. காரணம் படித்ததும் வாயடைத்துப்போனேன். கறி தின்றால் அதிலிருந்து வரும் யூரியா என்ற கழிவை வெளியே தள்ளத் தண்ணீர் வேண்டும். சுற்றிலும் உப்புக்கடல், இல்லாவிட்டால் பனி. பனியைத் தின்று உருக்க உடம்புச் சூடு செலவாகும். கொழுப்பு எரியும்போதோ அதிலிருந்தே தண்ணீர் கிடைத்துவிடுகிறது. தின்ற கொழுப்பில் 97 சதவீதம் வரை அதன் உடம்பில் சேர்கிறது. தாய்ப்பாலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. இவ்வளவுக்கும் அதற்கு மாரடைப்பு வருவதில்லை, ரத்தத்தில் கொழுப்பைக் கையாளும் மரபணு மாறியிருக்கிறதாம். இதைப் படித்துக் காட்டியதும், தன் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று உன் அம்மா கேட்டாள்.

கரடிக்கு உங்கள் ஆட்கள் மார்க் போடுவது எனக்கு ரொம்பப் பிடித்தது. மயக்க ஊசி போட்டுப் படுக்கவைத்து, முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் கையால் தடவிப் பார்க்கிறார்கள். எலும்பு துருத்திக்கொண்டு கைக்குத் தட்டுப்பட்டால் 1. எலும்பே தெரியாமல் கொழுத்திருந்தால் 5. மாப்பிள்ளை நீ ரயில் ஏறும்போது எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். அதை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டுக் காலருக்கு மேலே கழுத்தெலும்பு தெரிகிறது. மனுஷர்களுக்கு அந்த மார்க் போடக்கூடாது என்று தெரியும். நான் போட்டேன். இரண்டு. அதுவும் அப்பா என்பதால் தாராளமாகப் போட்ட இரண்டு.

கரடி எட்டு மாதம் பட்டினி கிடக்கும் என்று நீ பதில் சொல்வாய். ஹட்சன் விரிகுடாவில் சினைக்கரடி எட்டு மாதம் வரை ஒன்றும் தின்னாமல் இருந்து, குகைக்குள்ளேயே குட்டி போட்டுப் பாலும் கொடுக்கும். தெரியும். ஆனால் அதற்கு முன்னால் அது என்ன தின்று வைத்திருக்கிறது என்று பார். கோடையில் கரடி நடமாடிக்கொண்டே தூங்குவதுபோல உடம்பைச் சுருக்கிக்கொண்டு செலவைக் குறைத்துவிடும் என்று முன்பு நம்பியிருந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை, பசித்த எந்தப் பிராணிக்கும் ஆவதுதான் அதற்கும் ஆகிறது என்று அதே 2015 ஆராய்ச்சிதான் சொன்னது. 2018இல் வந்த இன்னொன்றில் 9 பெண் கரடிகளுக்குக் கேமரா மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதில் 4 கரடிகள் எட்டிலிருந்து பதினோரு நாளுக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்திருக்கின்றன. பனிக்கரடிக்கே இந்தக் கதி. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வேலை இருந்தாலும் சாப்பிடு, பிடிக்காவிட்டாலும் சாப்பிடு.

அந்த 2008ஆம் வருஷத்துக் கரடியைப் பற்றி நீ என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், நான் அப்போது காது கொடுத்துக் கேட்கவில்லை. இப்போது முழுதாகப் படித்தேன். அலாஸ்காவுக்கு வடக்கே போஃபோர்ட் கடல். ஒரு தாய், கூடவே ஒரு வயசுக் குட்டி. பனி கரையிலிருந்து விலகிப்போய்விட்டிருந்தது. கழுத்துப்பட்டையில் இருந்த கருவி சொன்ன கணக்குப்படி, 9 நாளுக்கு மேல் நிற்காமல் நீந்தியிருக்கிறாள், 687 கிலோமீட்டர். தண்ணீரின் குளிர் 2 டிகிரியிலிருந்து 6 டிகிரி வரைதான். இரண்டு மாதம் கழித்து அவளை மறுபடி பிடித்தபோது எடையில் 22 சதவீதம் போய்விட்டிருந்தது. குட்டி அவளோடு இல்லை.

இதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன் பாப்பா. அவள் வேறு திசையில் போயிருக்கலாம், கிளம்பாமல் கரையிலேயே இருந்திருக்கலாம், அந்த மாதத்தில் அவ்வளவு தூரம் போயிருக்கக் கூடாது என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. குட்டிகளின் உடம்பில் கொழுப்பு குறைவு, குளிர்ந்த தண்ணீர் சீக்கிரம் சூட்டை உறிஞ்சிவிடும். பனி விலகியிருந்தது, தூரம் அதிகமாகிவிட்டது. காரணம் என்று எழுதியிருப்பது இவைதான். உன்னோடு வேலை செய்கிறவர்கள் படித்தவர்கள், யாரைக் குற்றம் சொல்வது என்று தேடவில்லை. உன் தாத்தா இருந்திருந்தால் அவரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

அத்தை அன்றைக்குப் போனில் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அத்தையிடம் பேசிவிட்டேன். பனிக்கரடி வசந்தத்தில் இணை சேர்ந்தாலும், கரு கருப்பையில் ஒட்டாமல் இலையுதிர்காலம் வரை காத்திருக்கும், அதுவரை தாய் உடம்பு தேற வேண்டும், தேறாவிட்டால் கரு வளராது, தேறினால் அடுத்த வருஷம் வளரும், இதில் கூடப் பிறந்தவர்கள் அபிப்பிராயம் சொல்ல ஒன்றுமில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். "எதுக்குண்ணா எங்கிட்ட கரடிக் கதை சொல்றே" என்றாள். புரிந்திருக்கும்.

கடைசிச் சந்தேகம் ஒன்று இருக்கிறது, இதுதான் உண்மையான சந்தேகம். 2024இல் வந்த ஆராய்ச்சி உங்கள் விரிகுடாவில் செய்தது. கரையில் இருந்த 20 கரடிகளை மூன்று வாரம் பின்தொடர்ந்ததில் 19 இளைத்தன. புல்லும் பழமும் பறவையும் என்று எதை எதையோ தின்று பார்த்தும் நாளுக்குச் சராசரியாக ஒரு கிலோ போயிருக்கிறது. மூன்று கரடிகள் கடலில் இறங்கி வெகுதூரம் நீந்தின. அதில் செத்து மிதக்கும் பிராணி எதிர்ப்பட்ட கரடிகளுக்கு அதைச் சரியாகத் தின்னவும் முடியவில்லை, கரைக்கு இழுத்துவரவும் முடியவில்லை. மேலே சாய்ந்துகொண்டு கொஞ்சம் இளைப்பாறியிருக்கிறது ஒன்று. கடல்வாழ் பாலூட்டி என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், எதிரில் சாப்பாடு மிதக்கிறது, மிதந்துகொண்டே சாப்பிட அதனால் முடியவில்லை! காலுக்கு அடியில் ஏதாவது ஒன்று கெட்டியாக இருந்தால்தான் அதற்குத் தின்ன முடிகிறது. நான் புரிந்துகொண்டது சரியா? இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுது.

மற்றபடி எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை. என் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அதை உனக்குச் சொன்னோமா இல்லையா என்று ஞாபகமில்லை. உன் அலமாரியைத் திறக்கவில்லை, நீ பூட்டிவிட்டுப் போனபடியே இருக்கிறது. உன் அம்மா சாவியைக் கேட்டாள், கொடுக்கவில்லை.

நவம்பர் கடைசிக்குள் கடல் உறைந்து கரடிகள் கிளம்பிவிட்டால் உனக்கு வேலை குறையும் என்று மாப்பிள்ளை சொன்னார். சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது, விமானம் இல்லாவிட்டால் இரண்டு நாள் ரயில் என்றும் சொன்னார். உன் அம்மா ரயிலிலேயே வருகிறேன் என்று குதிக்கிறாள். அது வேண்டாம், நீ வின்னிபெக்குக்கு வந்துவிடு, அவளும் அங்கேயே வரட்டும். அவளுடைய விசா ஜூன் வரை இருக்கிறது. எந்தத் தேதியில் நீ அங்கே இருப்பாய் என்று மட்டும் எழுது, அதைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறேன்.

அப்பா